ஓடையை விட்டு வந்த மாடுகள்

பெரியம்மா தொட்டியை முகர்ந்து பார்த்தாள். மூக்கை ஒருமுறை உதறினாள். பிறகு, கைமாற்று கேட்கும் சொந்தக்காரரைத் தெருவில் கண்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

பெரியம்மா என்பது மாடு. பழுப்பு நிறம், ஒரு கொம்பு மட்டும் உள்பக்கமாக வளைந்திருக்கும். அந்த மலைச்சரிவில் மேயும் மாடுகளுக்கெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் எழுந்தால் மற்றவை எழும். அவள் படுத்தால் படுக்கும். அவள் வாய் வைக்காத தண்ணீரில் வேறெந்த மாடும் வாய் வைக்காது.

ஆகவே அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற மாடுகள் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மொத்தக் கூட்டமும் சரிவில் இறங்கியது. கீழே ஓடைக்கரையில் போட்டிருந்த கம்பிவேலியில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஓடும் தண்ணீரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது.

"தொட்டி மேல இருக்கு. மாடு கீழ இருக்கு. நான் எதைம்மா எழுதிக்கிட்டுப் போறது?" என்று கேட்டார், பண்ணையைப் பார்வையிட வந்த அரசு ஆய்வாளர். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட, சிரித்தமுகம் உள்ள பெண்மணி. இப்போது சிரிக்கவில்லை.

பண்ணைக்குச் சொந்தக்காரியான வேலிக்காரி தொட்டி விளிம்பைத் தட்டிக் காட்டினாள். "நேத்து வரைக்கும் குடிச்சுதுங்க மேடம்! சத்தியமா குடிச்சுதுங்க!"

"எந்தப் பண்ணைக்குப் போனாலும் நேத்து வரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு."

வேலிக்காரி என்பது அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். அரசின் மலைப்பண்ணைப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் விண்ணப்பித்தவள் அவள்தான். மாடுகள் ஓடையில் இறங்கி இறங்கிக் கரையைச் சரித்துக்கொண்டிருந்தன. சாணமும் சேறுமாகத் தண்ணீர் கீழே போனது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு துண்டு நிலம் ஓடையோடு போனது. திட்டம் சொன்ன வழி எளிது. ஓடையின் இரண்டு கரைக்கும் வேலி போடு. மேலே ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, மேய்ச்சல் சரிவில் தொட்டி கட்டு. மாடு அங்கே குடிக்கட்டும், கரையில் புல்லும் மரமும் வளரட்டும். செலவை அரசு ஏற்கும். கரையைச் சும்மா விட்டுவைப்பதற்கு வருடாவருடம் உதவித்தொகையும் தரும். ஒரு நிபந்தனை உண்டு. ஆய்வு நாளில் மாடுகள் தாமாக வந்து தொட்டியில் குடிக்க வேண்டும். விரட்டக் கூடாது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது.

"மாட்டுக்கு வேலி போடறவங்களைப் பார்த்திருக்கோம். தண்ணிக்கு வேலி போடறவளை இப்பத்தான் பார்க்கறோம்" என்று ஊரே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டே இருந்தாள்.

இன்றைக்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. காரணம், தொட்டிக்குப் பக்கத்துப் பாறைமேல் உட்கார்ந்திருந்த மூத்தவர்.

மூத்தவர் அவளுடைய கணவரின் அண்ணன். டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். நிலம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. திட்டத்தில் சேர அவருடைய கையெழுத்தும் வேண்டும். அதே சரிவை விலைக்குக் கேட்டு ஒரு கல்குவாரிக்காரர் அவர் கடைக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, நான் உனக்கு எதிரி இல்ல" என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மூத்தவர். "ஆய்வுல பாஸ் ஆச்சுன்னா உன் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடறேன். ஆகலைன்னா குவாரிக்குப் போடறேன். இன்னிக்கே முடிவு. என் தம்பி இந்தச் சரிவுல ஏறி இறங்கியே இடுப்பொடிஞ்சு கிடக்கறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

நாளைக்குத் தள்ளவும் முடியாது. இந்த வருட ஆய்வு இன்றோடு முடிகிறது. மழை இறங்கிவிட்டால் மலைப்பாதையில் ஜீப் ஏறாது.

ஆய்வாளர் தொட்டியின் விளிம்பில் கை ஊன்றிக் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"என்ன வாசனை இது? ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கே?"

எல்லாருடைய கண்ணும் ஒரே ஆள்மேல் போய் நின்றது. வேலிக்காரியின் கணவர். அவருக்கும் ஊர் பெயர் வைத்திருந்தது: பளபளா. டவுன் ஆஸ்பத்திரியில் பல வருடம் வார்டு துப்புரவு வேலை பார்த்துவிட்டு நிலத்துக்குத் திரும்பியவர். மண்வெட்டிக் கைப்பிடியைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற மனிதர். கோழிக்கூண்டைத் துடைத்துவிட்டு, கோழியையும் துடைக்கலாமா என்று யோசிப்பவர்.

"பாசி பிடிச்சிருந்துச்சுங்க" என்றார் பளபளா மெல்லிய குரலில். "கவர்மெண்டுலருந்து வர்றாங்க, பச்சைப் பசேல்னு இருந்தா நல்லாவா இருக்கும்னு விடியக்காலையில கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டு…"

"கொஞ்சம்னா?"

"தாராளமாவே போட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது ஒரு நூலளவு பெருமையும் குரலில் எட்டிப் பார்த்தது.

தொட்டி அப்படித்தான் இருந்தது. புதுச் சட்டைபோல் வெள்ளை வெளேரென்று.

ஆய்வாளர் விளிம்பிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "சார், நான் நோயாளியா படுத்தா உங்க வார்டுலதான் படுப்பேன். ஆனா மாடு படுக்காது." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "இப்ப நான் ஒண்ணும் எழுதல. மேல இன்னும் ரெண்டு பண்ணை பாக்கி. முடிச்சிட்டு வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிடுவேன். அப்ப என்ன பார்க்கறேனோ, அதைத்தான் எழுதுவேன். சலுகை கேக்காதீங்க."

"கேக்க மாட்டோம் மேடம்" என்றாள் வேலிக்காரி.

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் மறைந்தது.

மூத்தவர் பாறையிலிருந்தபடியே தலையை ஆட்டினார். "தம்பி, நீ தொட்டியைக் கழுவலடா. பண்ணையைக் கழுவிட்டே."

பளபளாவின் கண் கலங்கிவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார். "நான் நல்லதுக்குத்தாம்மா…"

"அழறதா இருந்தா சாயங்காலம் அழலாங்க. சேர்ந்தே அழலாம். இப்ப மண்வெட்டியை எடுங்க."

தொட்டியின் அடியில் மரக்கட்டை அடைப்பு இருந்தது. அதைப் பிடுங்கினால் தண்ணீர் மொத்தமும் சரிவில் இறங்கி நேரே ஓடையில் போய் விழும். இந்த மருந்துத் தண்ணீர் ஓடையில் விழுந்தால் மீன் மிதக்கும். அப்புறம் ஆய்வாளர் எழுதவே வேண்டாம், ஓடையே எழுதிவிடும். அதனால் முதலில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். கல்லும் முள்ளுமாய் ஒன்றுக்கும் ஆகாத தரிசுப்பக்கம் தண்ணீர் போக வழி செய்துவிட்டுத்தான் அவள் அடைப்பை உருவினாள்.

தொட்டி காலியானது. அதோடு அடுத்த சிக்கல் பல்லைக் காட்டியது. கோடை முற்றிய நேரம். ஊற்றுக் குழாயில் தண்ணீர் சுண்டுவிரல் பருமனுக்குத்தான் வந்தது. அலசவே போதாது, நிரம்ப நாளைக் காலை ஆகிவிடும். கீழே ஓடையில் தண்ணீர் நிறைய ஓடியது. தூக்கிக்கொண்டு ஏற ஆள்? இருந்தது மூன்று பேர். அதில் ஒருவர் பாறைமேல்.

வேலிக்காரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள்.

ஓடை திரும்பும் இடத்தில் கேரட் அக்காவின் நிலம். அறுவடையான கேரட்டை ஓடைத் தண்ணீரில் கழுவிச் சந்தைக்கு அனுப்புகிறவள். மேலேயிருந்து சாணமும் சேறும் வந்த காலத்தில், அவள் வேலிக்காரியின் வீட்டைப் பார்த்து நின்று திட்டாத நாள் கிடையாது. வேலி போட்ட பிறகு திட்டு நின்றது. ஆனால் பேச்சும் நின்றது. இரண்டு வீட்டுக்கும் இடையில் 'உம்' கொட்டிக்கூட வெகுநாள் ஆகியிருந்தது.

இப்போது அக்கா, மருமகள்கள், கூலிப் பெண்கள் என்று ஒரு பட்டாளமே முழங்கால் தண்ணீரில் நின்று கேரட் அலசிக்கொண்டிருந்தது. அடிமணல் தெரிகிற தண்ணீர்.

"என்னடி, உன் மாடுங்க காலையிலருந்து கச்சேரி வெச்சிருக்குங்க?" நிமிராமலே கேட்டாள் அக்கா.

வேலிக்காரி மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். பிளீச்சிங் பவுடர் என்ற இடம் வந்ததும் அக்கா கையிலிருந்த கேரட்டைப் போட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, மாட்டுக்கு ஆஸ்பத்திரித் தண்ணியா! உன் வீட்டுக்காரரை மியூசியத்துல வைக்கணும்டி!"

"வெச்சிடலாங்க்கா. அதுக்கு முன்னாடி நாலு வாளி தர்றீங்களா? சாயங்காலத்துக்குள்ள தொட்டி நிரம்பலைன்னா சரிவு குவாரிக்குப் போயிடும்."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "குவாரியா? இங்கயா? கல்லுத்தூள் மொத்தமும் என் தலையில இல்ல வந்து விழும்?" எழுந்து நின்றாள். ஓடைத் தண்ணீரைக் கை காட்டினாள். "வேலி போட்டதுலருந்து நான் தண்ணியை வடிகட்டறதே இல்ல, தெரியுமா? சந்தைக்காரன் ஒரு மூட்டையைக்கூடத் திருப்பி அனுப்பல. உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல. திட்டிப் பழகின வாய் பாரு." சட்டென்று திரும்பி, பட்டாளத்தைப் பார்த்துக் கத்தினாள். "அடியே, கேரட் எங்கயும் ஓடிடாது! வாளி, அண்டா, குண்டா என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடுங்க!"

ஓடையிலிருந்து தொட்டிவரை, கைக்கெட்டும் தூரத்துக்கு ஒருவராக ஆட்கள் நின்றார்கள். வாளி கைமாறிக் கைமாறி மேலே ஏறியது. காலி வாளி உருண்டு கீழே இறங்கியது. விஷயம் பரவி, வேலியைப் பார்த்துச் சிரித்த பண்ணைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் கையில் அக்கா வாளியைத் திணித்தாள்.

நடுவில் ஒரு செங்குத்தான இடம். அங்கே நின்ற சின்ன மருமகள் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். வரிசை அறுந்தது.

"பெரியவரே!" பாறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் அக்கா. "கல்லு மேல கல்லா உக்காந்திருக்கீங்களே! குவாரிக்காரர் உங்களையும் சேர்த்து உடைச்சிடப் போறார். எறங்கி வாங்க!"

"நான் கட்சிக்காரன் இல்லம்மா. நடுநிலைமை."

"நடுநிலைமைதானே? இதோ, நடுவுலதான் இடம் காலியா இருக்கு!"

சரிவு முழுக்கச் சிரித்தது. மூத்தவர் முனகிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கி வந்து, அந்தச் செங்குத்தில் காலை ஊன்றி நின்றார். முதல் வாளி அவர் சட்டையில் பாதி கொட்டியது. அடுத்த வாளியிலிருந்து பிடி சரியாகிவிட்டது.

தொட்டியை அலசி அலசி ஊற்றினார்கள். பளபளா உள்ளே இறங்கித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினார். தேய்க்கிற கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"போகலம்மா. சிமெண்டுக்குள்ள ஏறிடுச்சு. எனக்கே தெரியுதுன்னா பெரியம்மாவுக்குத் தெரியாதா?"

வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. கீழே மாடுகள் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தன. வேலிக்காரி முதல்முறையாகத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். கண்முன்னே சரிவு முழுக்க நீண்டிருந்த மேய்ச்சல் புல்லைப் பார்த்தாள். அதை வெடிவைத்துத் தோண்டினால் எப்படி இருக்கும் என்று நினைக்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தாள்.

பளபளா தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் துடைப்பத்தைத் தொட்டிச் சுவரில் சாய்த்தார். ஏதோ யோசிக்கும் முகம்.

"வார்டுல எங்க நர்ஸம்மா ஒண்ணு சொல்லித் திட்டுவாங்க" என்றார் மெதுவாக. "தரையில சேறு இருக்கும்போதே பவுடரைக் கொட்டாதேய்யா, சேறு பவுடரைத் தின்னுடும், அப்புறம் பவுடருக்கு வேலை செய்யத் தெம்பு இருக்காதுன்னு."

வேலிக்காரி எழுந்தாள். "ஏங்க…"

"சொல்லாதே." அவர் கையை உயர்த்தினார். "என்ன செய்யணும்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீ வாயால சொன்னா எனக்குத் தாங்காது."

ஓடை அடியிலிருந்து கறுப்புச் சேறும், பாறையில் படர்ந்த பச்சைப் பாசியும் வாளி வாளியாக ஏறி வந்தன. பளபளா முதல் கைப்பிடியை அள்ளினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். தன் கையால் வெளுத்த தொட்டியில், தன் கையாலேயே சப்பென்று அப்பினார்.

"கண்ணை மூடிக்கிட்டா எப்படிங்க பூசறது?"

"திறந்தா பூச முடியாதும்மா!"

மூலை முடுக்கெல்லாம் சேறு அப்பி, பாசியைத் தேய்த்து, ஊறவிட்டு, மறுபடி அலசி ஊற்றினார்கள். மூக்கை வைத்த பளபளாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆஸ்பத்திரி போய்விட்டது. மழைக்காலத்துக் குட்டையின் வாசனை வந்துவிட்டது.

"அடைப்பைப் போடுங்க! ஊத்துங்க!"

தொட்டி பாதிக்குமேல் நிரம்பியபோது மேல் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. மாடுகள் இன்னும் வேலியை விட்டு நகரவில்லை. வேலிக்காரி அப்போதுதான் கவனித்தாள். ஓடைக்கரையில் ஆட்கள் நின்று வாளி வாளியாக மொள்கிறார்கள். மாடுகள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே தண்ணீர் அலம்புகிறவரை அவை ஏன் இங்கே வரப்போகின்றன?

"எல்லாரும் மேல வாங்க! கரையில ஒரு ஈ காக்கா நிக்கக் கூடாது! கொட்டகைக்குப் பின்னால போய் உக்காருங்க. மூச்சு விடாதீங்க!"

பட்டாளம் ஏறி ஓடி வந்து வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் ஒருவர்மேல் ஒருவராகப் பதுங்கியது. ஆய்வாளர் ஜீப்பை மேலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி, சத்தமில்லாமல் வேலிக்காரியின் பக்கத்தில் வந்து நின்றார்.

சரிவில் சத்தமே இல்லை. ஊற்றுக் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது.

கீழே பெரியம்மா காதைத் திருப்பினாள். பிறகு தலையைத் திருப்பினாள். ஆளில்லாத கரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் ஏறி வந்தாள். மற்றவை பின்னால் கோர்த்துக்கொண்டு வந்தன. தொட்டியண்டை வந்ததும் நின்றாள். முகர்ந்தாள். மூக்கை உதறினாள்.

"போச்சு" என்று காற்றுக்குரலில் சொன்னார் மூத்தவர். அக்கா அவர் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

பெரியம்மா மூக்கு நுனியை நீரில் தொட்டாள். நாக்கை ஒருமுறை சுழற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி, கீழுதட்டில் பச்சைப் பாசி தொங்க, எங்கோ தூரத்து மலையைப் பார்த்தாள். வேலிக்காரி கணவரின் சேற்றுக் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

தலை மறுபடி இறங்கியது. இந்தத் தடவை நிமிரவில்லை. மடக் மடக்கென்று தொண்டை ஏறி இறங்குவது கொட்டகைவரை கேட்டது. மற்ற மாடுகள் முட்டி மோதிக்கொண்டு இரண்டு பக்கமும் நுழைந்தன. தொட்டி விளிம்பு முழுக்கக் கொம்பும் காதும்தான்.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து எழுந்த கூச்சலில் பறவைகள் கலைந்தன. மாடுகள் கலையவில்லை. அவ்வளவு தாகம்.

"விரட்டினீங்களா?" என்று கேட்டார் ஆய்வாளர், கேட்க வேண்டிய கேள்வி என்பதால்.

"அவளை விரட்டற ஆள் இன்னும் பிறக்கல மேடம்."

ஆய்வாளர் படம் எடுத்தார். ஓடைவரை இறங்கிப் போய்க் கரைப் புல்லைத் தடவிப் பார்த்தார், வேலிக் கம்பத்தை ஆட்டிப் பார்த்தார், இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். திரும்பி ஏறி வந்தபோது அந்தச் சிரித்தமுகம் திரும்பியிருந்தது.

"தேறிட்டீங்க. இந்தச் சுத்துல நான் பார்த்த கரையிலயே நல்ல கரை இதுதான். கையெழுத்து வாங்கணும். கூட்டாளி யாரு?"

மூத்தவர் முன்னால் வந்தார். தலைமுடியில் பாசி, சட்டையில் சேறு. ஜீப்பின் பானெட்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். விரல் பதிந்த இடமெல்லாம் கறுப்பாயிற்று.

"அடடா, கறை ஆயிடுச்சே."

"இருக்கட்டும்" என்றார் ஆய்வாளர். "மலைப் பண்ணையிலருந்து வந்த தாள்னு ஆபீஸ்ல தெரிய வேண்டாமா?"

பளபளா தன் துண்டால் அதைத் துடைக்கக் கை நீட்டினார். மனைவி பார்த்த பார்வையில் கை தானாக மடங்கியது.

அதற்குள் கேரட் அக்கா ஆய்வாளரை மடக்கிவிட்டாள். "என் பக்கத்துக் கரைக்கும் வேலி கிடைக்குமாங்க?" அவள் பின்னால் இன்னும் நாலைந்து பண்ணைக்காரர்கள் காலி வாளியோடு நின்றார்கள். தண்ணீருக்கு வேலியா என்று சிரித்த அதே ஆட்கள். ஒருவர் கூச்சத்தோடு, "அந்தத் தொட்டி எப்படிக் கட்டறதுன்னு தங்கச்சிதான் வந்து காட்டணும்" என்றார்.

"வர்றேண்ணே. ஆனா கட்டி முடிச்சதும் எங்க வீட்டுக்காரரைக் கிட்ட சேர்க்காதீங்க."

"கம்பி, ஆணி எல்லாம் நம்ம கடையிலயே வாங்குங்க" என்று நடுவில் நுழைந்தார் மூத்தவர்.

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தவர், எல்லாரும் பார்ப்பதைப் பார்த்தார். குவாரிக்காரர்.

"ஆமாங்க, சரிவுலதான் இருக்கேன்… இல்லைங்க, அது நடக்காது… விலை பத்தாதுன்னு இல்லைங்க… தம்பி இல்ல, தம்பி சம்சாரம் இல்ல." அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார். அங்கே இன்னும் குடித்து முடியவில்லை. "எங்க வீட்டுப் பெரியம்மா சம்மதிக்கலைங்க. ஆமா, அவங்க பேச்சை மீற முடியாது… நேர்ல வந்து பேசறீங்களா? தாராளமா வாங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அவங்க கொஞ்சம் முட்டுவாங்க."

சரிவு முழுக்க எழுந்த சிரிப்பில் மறுமுனை என்ன சொன்னது என்று யாருக்கும் கேட்கவில்லை. வேலிக்காரிதான் முதலில் வாளியைக் கையில் எடுத்தாள். கீழே கழுவாத கேரட் மலைபோல் கிடந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

"வாங்கக்கா, முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் இறங்க, வரிசை அப்படியே அவள் பின்னால் இறங்கியது.